க்ரெச்ல கைக்குழந்தைங்கள பாத்துக்கற வேலைக்கு போலாமா? உள்ள இருக்கறவங்க சொல்லுங்க

நித்யா_அவிநாசி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 26, பி.காம் முடிச்சிருக்கேன், கல்யாணத்துக்கு அப்புறம் வீட்ல தான். என் பொண்ணு இப்போ அங்கன்வாடி போறா. பக்கத்துல ஒரு பனியன் கம்பெனி க்ரெச்சுக்கு (வேலைக்கு வர்ற அம்மாங்க குழந்தைங்கள விட்டுட்டு போற எடம்) ஆள் கேட்டிருக்காங்க, அதுவும் சின்ன குழந்தைங்க ரூம், 4 மாசத்துல இருந்து ஒன்றரை வயசு வரைக்கும். மாசம் 11,000 சொல்றாங்க, வேனும் வருமாம். எனக்கு போகணும்னு ஆசையா இருக்கு, ஆனா மாமியார் "படிச்சுட்டு ஆயா வேலைக்கா போற, ஊரான் பிள்ளைக்கு குண்டி கழுவறதுக்கா உங்கப்பா காலேஜ் அனுப்புனார்"னு ஒரே பேச்சு. அது கூட பரவால்ல. என் ஒத்த பிள்ளைய வளக்கறதுக்கே நான் எத்தன ராத்திரி அழுதிருக்கேன்னு எனக்கு தான் தெரியும், அங்க 14 குழந்தைங்களாம், நானும் இன்னொரு அக்காவும் மட்டும் தானாம். முடியுமா? உண்மைய சொல்லுங்க ப்ளீஸ்.

தறிவீடு:

நித்யா கண்ணு, நான் 9 வருஷமா இந்த வேலைல இருக்கேன், திருப்பூர்லயே தான், கம்பெனி பேர் வேண்டாம். முதல்ல உன் மாமியார் சொன்னதுக்கு வரேன். ஆமா, குண்டி கழுவற வேலை தான், ஒரு நாளைக்கு முப்பது தடவைக்கு கொறையாது. ஆனா கழுவறப்போ தான் அந்த புள்ளைக்கு வயிறு சரியில்லைங்கறது தெரியும், தொடை இடுக்கு செவந்து கெடக்கறது தெரியும், காலைல இருந்து ஒண்ணுக்கே போகலியே பால் பத்தலியோன்னு தோணும். பேசத் தெரியாத புள்ள உடம்பால தான் பேசும், அத படிக்கறவ தான் இந்த வேலைக்காரி. அதுல என்ன கேவலம் இருக்கு சொல்லு.

எங்களுக்கு ஷிப்ட் 8.30க்கு, அம்மாங்க 8.15க்கெல்லாம் புள்ளையோட வந்துருவாங்க. நாள் பூராவுல அந்த கால் மணி நேரம் தான் ரொம்ப முக்கியம். ராத்திரி தூங்குச்சா, கடைசியா எப்போ பால் குடிச்சுது, மருந்து ஏதாவது குடுத்தீங்களா, ஊசி போட்டாங்களா, இதெல்லாம் அவங்க கைல இருந்து புள்ளைய வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுரணும். வாங்கிட்டா அவங்க ஓடிருவாங்க, லேட்டானா கூலில புடிப்பாங்க. நான் ஒருக்கா கேக்காம விட்டுட்டேன். நாலு மாசம் கூட நெறையாத பையன், முந்தின நாள் தான் 14வது வார ஊசி போட்டிருக்காங்க, எனக்கு தெரியாது, ஒவ்வொரு தடவ தூக்கறப்பவும் வீறிட்டு கத்துறான், நான் வயித்து வலின்னு நெனச்சு தோள்ல போட்டு போட்டு தட்டறேன், ஊசி போட்ட தொடையவே அமுக்கி புடிச்சுட்டு. மத்தியானம் ஜட்டி மாத்தறப்போ தான் வீக்கத்த பாத்தேன். அன்னிக்கு ராத்திரி எனக்கு சோறு எறங்கல. அன்னில இருந்து ஒரு நோட்டு வெச்சிருக்கேன், கேட்டு எழுதாம எந்த புள்ளையையும் வாங்க மாட்டேன், அம்மாங்க திட்டினாலும் சரி.

அப்புறம் அழுகை. ஒண்ணு ஆரம்பிச்சா அஞ்சு சேந்துக்கும். உனக்கு இருக்கறது ஒரு மடி, ரெண்டு கை. யாரை முதல்ல தூக்கறதுன்னு நெஞ்சு அடிச்சுக்கும். எனக்கு அனுபவத்துல தெரிஞ்சது ஒண்ணு சொல்றேன், கத்துற புள்ளைக்கு தெம்பு இருக்கு, நீ வருவேன்னு நம்பிக்கையும் இருக்கு. சுவத்தோரமா சத்தம் இல்லாம படுத்திருக்குமே ஒண்ணு, அத போய் முதல்ல பாரு. காய்ச்சலா இருக்கலாம், இல்லைன்னா அழுதா யாரும் வர மாட்டாங்கன்னு அது முடிவு பண்ணியிருக்கலாம். ரெண்டாவது தான் எனக்கு பயம்.

14க்கு ரெண்டு பேர்னு சொன்னியே, அத பத்தி தனியா எழுதறேன், இப்போ டீ டைம் முடிஞ்சுது.

ஓஎம்ஆர்_அம்மா:

தறிவீடு அக்கா, நீங்க எழுதினத படிச்சு ஆபீஸ்ல உக்காந்து அழுதுட்டேன். நான் அந்தப் பக்கம் நிக்கற ஆளு. சென்னைல ஐடி கம்பெனி, 26 வாரம் லீவ் முடிஞ்சதும் பையன க்ரெச்ல விட்டேன். 2017ல மகப்பேறு சட்டத்த திருத்தினப்போ 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற எடத்துல க்ரெச் வேணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவ போய் பாத்துட்டு வரலாம்னு போட்டாங்க இல்ல, அதனால எங்க பில்டிங்லயே இருக்கு, நான் குடுத்து வெச்சவ தான். ஆனா முதல் வாரம் நாலு தடவயும் போனேன், ஒவ்வொரு தடவ நான் திரும்பறப்பவும் அவன் புதுசா அழ ஆரம்பிச்சான். அங்க இருந்த அக்கா தான் தயங்கி தயங்கி சொன்னாங்க, "மேடம் வந்தா பால் குடுக்க வாங்க, எட்டிப் பாக்க மட்டும் வராதீங்க, அவன் ஒரு தடவ தான பிரியணும், நாலு தடவ பிரிய வெக்காதீங்க"ன்னு. எனக்கு கோவம் வந்துச்சு, ஆனா அவங்க சொன்னது சரி. ரெண்டு தடவயா கொறச்சேன், பத்தாவது நாள் அவனே அவங்க கிட்ட தாவினான். சந்தோஷமும் வலியும் ஒண்ணா வந்த நாள் அது.

ஒண்ணு கேக்கணும், சிசிடிவி போன்ல பாக்கறது உங்கள மாதிரி ஆளுங்களுக்கு கஷ்டமா இருக்குமா?

தறிவீடு:

பாருங்க தங்கச்சி, தாராளமா பாருங்க. பெத்தவளுக்கு இல்லாத உரிமையா. ஆனா கேமரால ஒரு புள்ள அழறது தெரியும், அந்த நேரம் நான் இன்னொண்ணுக்கு வாந்தி தொடச்சுட்டு இருக்கறது மூலைல சின்னதா தெரியும். போன் பண்ணி ஏன் தூக்கலன்னு கேட்டா அந்த போன எடுக்கற ஒரு நிமிஷமும் நான் தூக்க மாட்டேன். சாயங்காலம் வந்து கேளுங்க, நோட்ட பாத்து சொல்றேன். அவ்வளவு தான் நான் கேக்கறது.

ஜூரோங்_தேவி:

நான் சிங்கப்பூர்ல இன்ஃபன்ட் கேர்ல வேலை செய்றேன், 6 வருஷம் ஆச்சு. இங்க 2 மாசத்துல இருந்து 18 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைங்கள தான் இன்ஃபன்ட்னு எடுப்பாங்க, சட்டப்படி 5 குழந்தைக்கு ஒரு ஆள் இருக்கணும். இங்கிலாந்துல 2 வயசுக்கு கீழ 3 குழந்தைக்கு ஒருத்தர். நித்யா சொன்ன 14க்கு ரெண்டு பேர்னா ஆளுக்கு 7, அதுல ஒருத்தர் பாத்ரூம் போனா 14க்கு ஒருத்தர். எனக்கு 5 பேர வெச்சே மதியம் பன்னெண்டு மணிக்கு மூணு பேருக்கு ஒரே நேரத்துல பசி வரும்போது கண்ணு இருட்டும்பா. ஒருத்தனுக்கு பாட்டில் பிடிச்சுக்கிட்டே கால நீட்டி பவுன்சர் சேர ஆட்டிக்கிட்டு வாயால இன்னொருத்திக்கு பாட்டு பாடுவேன். பாட்டில தலகாணில சாச்சு வெச்சுட்டு போறது மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது, பொறை ஏறிடும், எங்க சென்டர்ல அத பாத்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

இங்க காலைல வாசல்லயே வாய், கை, கால் எல்லாம் பாத்து தான் உள்ள விடுவோம், கை கால் வாய்ல கொப்புளம் வர்ற அந்த நோய்க்காக. நம்ம ஊர்ல தக்காளி காய்ச்சல்னு சொல்றாங்களே, அந்த வகை தான். ஒருத்தருக்கு வந்தா ரூமே போச்சு, பொம்மை எல்லாம் எடுத்து ப்ளீச் தண்ணில கழுவணும். ஒரு நாளைக்கு எத்தன தடவ கை கழுவறேன்னு எண்ணினதில்ல, விரல் இடுக்கெல்லாம் வெடிச்சிருக்கும், ராத்திரி தேங்கா எண்ணெய் தடவி சாக்ஸ் மாதிரி க்ளவுஸ் போட்டுட்டு தூங்குவேன். முதுகு இன்னொரு கதை. 9 கிலோ புள்ளைய ஒரு நாளைக்கு எத்தன தடவ தரைல இருந்து தூக்கறோம்! குனிஞ்சு தூக்காத நித்யா, முட்டி போட்டு உக்காந்து நெஞ்சோட அணைச்சு எழுந்திரு. முதல் நாள்ல இருந்தே அப்படி பழகு, நான் மூணு வருஷம் கழிச்சு தான் பழகினேன்.

கணேஷ்_சேலம்:

யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. ஆறு மாச குழந்தைய காசு குடுத்து யார் கிட்டயோ விட்டுட்டு போறது எனக்கு மனசுக்கு ஒப்பல. பாட்டி தாத்தா இருக்கற வீட்ல வளர்ற குழந்தை வேற. நம்ம முன்னாடி எல்லாம் அப்படித்தான வளந்தோம்.

ஹட்டன்_செல்வி:

கணேஷ் அண்ணா, எல்லாரும் அப்படி வளரல. நான் இலங்கை மலையகம், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எங்க தோட்டத்துல பிள்ளைக்காம்பராதான் எங்க எல்லாருக்கும் முதல் வீடு. விடிய பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு) போறதுக்கு முந்தி அம்மாமார் பனியில பிள்ளையை போர்த்தி தூக்கிட்டு வந்து அங்க விட்டுட்டு மலைக்கு ஏறுவாங்க. வீட்டுல பாட்டி இருந்தாலும் பாட்டியும் கொழுந்து எடுக்கத்தான் போயிருப்பா. என்னோட அம்மா அங்க ஆயம்மாவா 22 வருஷம் இருந்தாங்க. கம்பியில வரிசையா சேலைத் தொட்டில் கட்டியிருக்கும், அம்மா ஒரு கையால ஒரு தொட்டில், கால் பெருவிரல்ல கயிறு கட்டி இன்னொரு தொட்டில்னு ஆட்டுவாங்க, நானே பார்த்திருக்கேன். பால் குடுக்க அம்மாமார் மலையில இருந்து இறங்கி வருவாங்க, தூரத்து மலையில வேலைன்னா வர பிந்தும், அதுவரைக்கும் பிள்ளை அழும், அம்மா வாசல்ல நின்னு பாதையையே பார்த்துட்டு இருப்பாங்க. இப்ப அதுக்கு சிறுவர் அபிவிருத்தி நிலையம்னு பேரு, பயிற்சி எடுத்த பிள்ளைங்கதான் பொறுப்புல இருக்காங்க, கட்டடமும் நல்லா இருக்கு. ஆனா எங்க சனம் இன்னும் பிள்ளைக்காம்பரான்னுதான் சொல்லும்.

அம்மா செத்த வீட்டுக்கு வந்தவங்கள்ல பாதிப்பேர் அவங்க தூக்கி வளர்த்த பிள்ளைங்க. கொழும்புல கடையில நிக்கிறவங்க, லாரி ஓட்டுறவங்க, ஒரு டீச்சர். சாமான் தூக்க ஒரு ஆள் கூட வெளியில இருந்து தேட வேண்டி வரல.

கட்டடம்_முருகேசன்:

கணேஷ் சாருக்கு நானும் ஒண்ணு சொல்றேன், நான் சைட் இன்ஜினியர். கட்டட வேலைக்கு குடும்பத்தோட வர்றவங்க குழந்தைங்க மண்ணு மேட்டுலயும் கம்பிக்கு நடுவுலயும் தான் படுத்திருக்கும், என் கண்ணால பாத்திருக்கேன். 1969ல டெல்லி ராஜ்காட்ல காந்தி நூற்றாண்டு கட்டுமானம் நடந்தப்போ மீரா மகாதேவன்னு ஒரு அம்மா அப்படி கெடந்த குழந்தைங்கள பாத்துட்டு அங்கேயே ஒரு கூடாரத்துல ஆரம்பிச்சது தான் மொபைல் க்ரெச்சஸ். அந்தக் குழந்தைக்கு பாட்டி ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பா சார்.

பேபி_வார்டு_நர்ஸ்:

செல்வி உங்க அம்மாவ நெனச்சா கையெடுத்து கும்பிடணும் போல இருக்கு. ஆனா நித்யாவுக்காக தொட்டில் விஷயத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும், கோவிச்சுக்காதீங்க. நம்ம வீட்ல நம்ம கண்ணு முன்னாடி தூளி கட்டறது வேற, 14 குழந்தை இருக்கற ரூம்ல வேற. தூளிக்குள்ள குழந்தை முகம் தெரியாது, தாடை நெஞ்சுல மடங்கி மூச்சு அடைச்சா கூட வெளிய தெரியாது. ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தைய கெட்டியான தட்டையான மெத்தைல, மல்லாக்க, தலகாணி போர்வை பொம்மை எதுவும் இல்லாம படுக்க போடுங்க. குப்புற படுத்தா நல்லா தூங்கும்னு பெரியவங்க சொல்வாங்க, ஆழ்ந்து தூங்கறது தான் அங்க ஆபத்தே.

பால் விஷயம், எடுத்து வெச்ச தாய்ப்பால் வெளிய 4 மணி நேரம் வரைக்கும் தான், நம்ம வெயிலுக்கு அவ்வளவு கூட விடாதீங்க, வந்த உடனே பேர், நேரம் எழுதி ஃப்ரிட்ஜ்ல வெச்சுருங்க. குழந்தை வாய் வெச்சு மிச்சம் விட்ட பால எடுத்து வெச்சு மறுபடி குடுக்காதீங்க. பால மைக்ரோவேவ்ல வேண்டாம், ஒரு பக்கம் கொதிச்சிருக்கும் ஒரு பக்கம் ஜில்லுனு இருக்கும், வெந்நீர் கிண்ணத்துல வெச்சு சூடு பண்ணுங்க. அம்மாவோ பாட்டியோ வசம்பு, தேன் நாக்குல தடவ சொல்லி குடுத்து விட்டா வாங்காதீங்க, ஒரு வயசு வரைக்கும் தேன் கூடவே கூடாது. பொறை ஏறி மூச்சு அடைச்சா என்ன பண்ணணும்ங்கறத கை பழக்கமா கத்துக்கங்க: முன்கை மேல குப்புற தல தாழ்த்தி பிடிச்சு நடு முதுகுல 5 தட்டு, மல்லாக்க திருப்பி நெஞ்சு நடுவுல 5 அமுக்கு, மாத்தி மாத்தி, கூடவே ஒருத்தர் 108க்கு போன் பண்ணணும். படிச்சா மட்டும் வராது, யாராவது பொம்மைய வெச்சு சொல்லித் தரணும். வேலைல சேரறதுக்கு முன்னாடி அத சொல்லித் தருவீங்களானு கேளுங்க, அந்த ஒரு கேள்விலயே அந்த க்ரெச் எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சுரும்.

ஹட்டன்_செல்வி:

கோவம் ஒண்ணும் இல்ல நர்ஸ் அக்கா. அம்மா இருந்தா நீங்க சொன்னதை கேட்டுட்டு தொட்டிலை அவிழ்த்திருப்பாங்க. அவங்களுக்கு யாரும் சொல்லல.

தறிவீடு:

நித்யா, சொன்ன மாதிரி வந்துட்டேன், புள்ளைங்க எல்லாம் போயாச்சு. இன்னிக்கு ஒன்றரை ஷிப்ட், கடைசி புள்ள போறப்போ ராத்திரி 8.40. இத யாரும் இன்டர்வியூல சொல்ல மாட்டாங்க. ஆர்டர் அவசரம்னா அம்மா 8.30 வரைக்கும் மிஷின்ல இருப்பா, அப்போ புள்ளையும் பன்னெண்டு மணி நேரம் நம்ம கூட. ஆறு மணிக்கு மேல புள்ளைங்க மொகமே மாறிரும், எந்த பொம்மையும் வேலைக்கு ஆகாது, கதவ பாத்தே உக்காந்திருக்கும். நீ கேட்டு தெரிஞ்சுக்க, அந்த நேரத்துக்கு இன்னொரு ஆள் வருமா, கூடுதல் கூலி உண்டான்னு.

1948 தொழிற்சாலை சட்டத்த 1976ல திருத்தினப்பவே 30 பொம்பளைங்களுக்கு மேல வேலை செஞ்சா க்ரெச் வைக்கணும்னு ஆயிருச்சு. ரூம் வெச்சுருவாங்க, சுவத்துல கரடி படம் வரைஞ்சுருவாங்க, ஆடிட் வர்ற அன்னிக்கு புது பாய் விரிப்பாங்க. கை தான் பத்தாது. நான் இத்தன வருஷத்துல புள்ளைங்க மேல பாசம் இல்லாத ஒரு ஆயாவ கூட பாத்ததில்ல, ஆனா பாசம் இருக்கறவளே மூணு மணிக்கு மேல வெடுக்குன்னு கைய உதறினத பாத்திருக்கேன், நானும் உதறியிருக்கேன். அவ கெட்டவ இல்ல, அன்னிக்கு அவ கிட்ட 9 புள்ள இருந்துச்சு. மூணு வருஷத்துக்கு முன்னாடி நாங்க நாலு பேரும் சேந்து போய் ஹெச்ஆர் முன்னாடி நின்னோம், இன்னொரு ஆள் போடுங்க இல்லைன்னா புது புள்ளைய எடுக்காதீங்கன்னு. உடனே நடக்கல, ரெண்டு மாசம் அலைய விட்டாங்க, கடைசில ஒரு அக்காவ போட்டாங்க. அன்னிக்கு சாயங்காலம் ரூம்ல இருந்த சத்தமே வேற கண்ணு. எங்களுக்கு பாட்டு பாட நேரம் கெடச்சுது.

நல்லதும் சொல்றேன். ஒடிசால இருந்து வந்த பொண்ணு ஓவர்லாக் தையல் மிஷின்ல இருந்தா, அவ புள்ளைக்கு பத்து மாசம். மூணு நாள் பாட்டில தொடல, ஸ்பூன தட்டி விட்டுச்சு, அம்மா டீ டைம்ல வந்து குடுக்கறது மட்டும் தான். நான் வீட்ல இருந்து பழைய வெள்ளி பாலாடைய கொண்டு போனேன், என் மகனுக்கு குடுத்தது. அப்பவும் வாய தெறக்கல. அப்புறம் அவ கிட்ட கேட்டேன், பாலுக்கு உங்க ஊர்ல என்ன சொல்வீங்கன்னு. "கீரொ"ன்னா. மறுநாள் பாலாடைய காட்டி கீரொ, கீரொன்னு சொன்னேன், அந்த புள்ள என் மொகத்தையே உத்து பாத்துச்சு, அப்படி ஒரு பார்வ, இந்த ஊர்ல இவளுக்கு கூட தெரியுதேங்கற மாதிரி. குடிச்சுது. கொஞ்சம் தான், ஆனா குடிச்சுது. எட்டு மாசம் என் கூட இருந்துச்சு, போன தீபாவளிக்கு ஊருக்கு போனவங்க திரும்பல. பாலாடைய இன்னும் அந்த ரூம்ல தான் வெச்சிருக்கேன்.

போறது வலிக்குமான்னு நீ கேக்கல, ஆனா கேப்ப. வலிக்கும். ஒண்ணு போன வாரமே இன்னொண்ணு வந்துரும், அதுக்கும் பால் குடுத்து தான ஆகணும்.

நித்யா_அவிநாசி:

மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கங்க, போன கைல எடுக்கவே தெம்பு இல்ல. சேந்துட்டேன். சேரறதுக்கு முன்னாடி நர்ஸ் அக்கா சொன்னத கேட்டேன், மூச்சு அடைச்சா எப்படி பாக்கணும்னு சொல்லித் தருவீங்களான்னு, சூப்பர்வைசர் முழிச்சாங்க, ஆனா ரெண்டாவது வாரம் ஒரு நர்ஸ கூட்டிட்டு வந்து எங்க எல்லாருக்கும் பொம்மை வெச்சு காட்ட சொன்னாங்க. அதுவே எனக்கு பெருசு. 14க்கு ரெண்டு பேர் தான் இன்னும், அத கேக்க அந்த அக்காவும் நானும் லெட்டர் எழுதி வெச்சிருக்கோம், மாசக் கடைசில குடுக்கப் போறோம்.

முதல் வாரம் தினமும் அழுதேன். முட்டி போட்டு தான் தூக்கறேன் ஜூரோங் அக்கா, ஆனாலும் இடுப்பு விட்டுப் போகுது. என் பொண்ணு நான் வீட்டுக்கு வந்ததும் என் சேலைய மோந்து பாத்துட்டு "பாப்பா வாசம்"னு சொல்றா, கொஞ்சம் பொறாமை அவளுக்கு. மாமியார் இன்னும் பேசறாங்க, ஆனா நேத்து பக்கத்து வீட்டு குழந்தைக்கு தேன் தடவறேன்னு எடுத்தத நான் தடுத்ததும் ஒண்ணும் சொல்லாம டப்பாவ உள்ள வெச்சுட்டாங்க.

தறிவீடு அக்கா, நீங்க சொன்ன சுவத்தோர புள்ள எங்க ரூம்லயும் இருந்துச்சு. 11 மாசம், அழவே அழாது. நான் வந்ததுல இருந்து தினமும் முதல்ல அத தான் தூக்கறேன். முந்தாநேத்து நான் இன்னொருத்தன தூக்கிட்டு இருந்தப்போ அது கத்துச்சு, நல்லா வீட்டையே எழுப்பற மாதிரி. கூட இருந்த அக்கா என்ன பாத்து ஏன்டி சிரிக்கறன்னு கேட்டாங்க, எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு.

திங்கக்கிழமை ரெண்டு புது குழந்தைங்க வருது, ஒண்ணு அஸ்ஸாம். அவங்க பாஷைல பால், தூங்கு, அம்மா வருவாங்க, இந்த மூணுக்கும் என்ன சொல்வாங்கன்னு யாருக்காவது தெரிஞ்சா தமிழ் எழுத்துல எழுதுங்க, நோட்டுல எழுதி வெச்சுக்கறேன்.